பூசம் முடியட்டும்

என் அத்தான் தவநாயகம் ஓரிடத்தில் ஒழுங்காக இருந்து நான் கண்டதில்லை. கலியாணத்தன்று மணவறையில் இருந்துகொண்டே, மழை இருட்டுகிறதே, வைக்கலுக்கு ஆராவது தறப்பாள் போட்டார்களா என்று மாப்பிள்ளைத் தோழனிடம் கேட்ட மனிசன் அவர். இன்றைக்கும் சோற்றுக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் மிச்சத்தைச் சாப்பிடுவார். என் அக்கா குணலட்சுமிக்கு அது பழகிவிட்டது. அவர் எழும்பினால் கோப்பையை மூடி வைத்துவிடுவாள்.

கைதடியில் அக்காவின் வளவும் என் வளவும் பக்கம் பக்கம். நடுவில் ஒரு கிளுவை வேலி, அதில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. அவளுடைய பிள்ளைகளும் என்னுடைய பிள்ளைகளும் கொழும்பு, வெளிநாடு என்று போய்விட்டார்கள். என் மனிசனும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பாதி நாள் அந்தப் பொட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஆகவே நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டது, காதால் கேட்டது.

இந்த வருசம் தைப்பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் இடையில் அத்தான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமென்றால் போன வருசத்தில் இருந்து தொடங்க வேண்டும். போன பூசத்துக்குச் சற்று முந்தி அவருடைய பெரியப்பாவின் மகன் ஒருவர் காலமானார். துடக்கு என்கிற இழவுத் தீட்டு வந்துவிட்டது. முப்பத்தொரு நாளும் கோயில் இல்லை, பூசை இல்லை, புதிரும் இல்லை. எங்கள் பக்கத்தில் பூசத்தன்று நல்ல நேரம் பார்த்து விளைந்த வயலில் முதல் கதிரை அறுத்துவந்து, அந்தப் புது அரிசியில் பொங்குவோம். அதுதான் புதிர். அது முடிந்துதான் அறுவடை. அந்த முறை புதிர் எடுக்காமலே வயலில் மெசினை இறக்கினார்கள்.

ஆடி மாதம் மாடுகளுக்குத் தோலெல்லாம் கட்டி கட்டியாக வருகிற வருத்தம் ஊரில் பரவியது. அயலில் எத்தனையோ மாடுகள் செத்தன. அத்தானின் பசு செங்காரியும் விழுந்துவிட்டது. அவர் மாட்டுக் கொட்டிலிலேயே சாக்கை விரித்துக் கிடந்தார். வேப்பிலை அரைத்துப் பூசினார், மிருக வைத்தியரைக் கூட்டிவந்து ஊசி போட்டார். கடைசியில் அம்மன் கோயில் வாசலில் போய் நின்று, மாடு எழும்பினால் வருகிற பூசத்துக்கு அதன் பாலில்தான் புதிர்ப் பொங்கல் என்று நேர்ந்துவிட்டு வந்தார். மாடு எழும்பியது. கார்த்திகையில் வடிவான ஒரு நாகு கன்றும் போட்டது.

புதிர் தவறினதால்தான் வருத்தம் வந்தது என்று அத்தான் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். இந்த முறையும் தவறினால் செங்காரி மிஞ்சாது என்று அவர் உண்மையாகவே பயந்தார். பயந்தவனோடு வாதாடிப் பயனில்லை. நான் வாதாடினேன், அது வேறு கதை.

பொங்கலுக்கு அடுத்த நாள் அவர் கோப்பாய்க்குப் போய்விட்டு முகம் கறுத்து வந்தார். அவருடைய அண்ணை ஏரம்பர் அங்கே மகள் துஷாந்தினி வீட்டில் படுக்கையில் கிடந்தார். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தாய் தகப்பனை இழந்த அத்தானைத் தூக்கி வளர்த்தவர் ஏரம்பர். பால் கறக்கவும் வரம்பு கட்டவும் பழக்கினவர் அவர். அத்தானுக்கு அண்ணை என்றால் உயிர். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆனால் அண்ணை போய்விட்டால் திரும்பவும் துடக்கு. அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செய்தி காதில் விழுந்தால்தான் துடக்கு. கலியாணம் வைத்திருக்கிற வீட்டுக்கும், கோயில் காரியம் தொடங்கின வீட்டுக்கும், முடியட்டும் என்று பொறுத்துத்தான் இழவு சொல்வார்கள். சொல்லாதவர் மீதும் குறையில்லை, கேளாதவர் மீதும் குறையில்லை. அத்தான் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். தன்னுடைய போனை நிற்பாட்டி அலுமாரிக்குள் வைத்தார்.

"கோப்பாயிலை இருந்து ஆர் அடிச்சாலும் தூக்காதை," என்று அக்காவிடம் சொன்னார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "அத்தான், சைக்கிளிலை மிதிச்சால் அரை மணித்தியாலம். ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாருங்கோவன்."

"நான் போய் நிக்கேக்கை முடிஞ்சுதெண்டால்?"

"முடிஞ்சால் முடிஞ்சதுதான். உங்கடை அண்ணையல்லோ."

"பூசம் முடியட்டும், பாலேசு. பூசம் முடிய நேரை அங்கைதான்."

அதற்குப் பிறகு அவரை வளவுக்குள் பார்க்கவே பாவமாக இருந்தது. கொட்டிலுக்குப் போவார், செங்காரியின் முதுகைத் தடவுவார், அங்கிருந்து வயலுக்கு ஓடுவார். கதிர் தலை சாய்ந்து நிற்கும். ஒன்றைக் கிள்ளிப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். திரும்பி வந்து கன்றை அவிழ்ப்பார், கட்டுவார். கிணற்றடியில் கால் கழுவுவார், கழுவின காலோடு திரும்பவும் சேற்றுக்குப் போவார். ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் ஆள் வைக்கல் போருக்குப் பின்னால். ஏனென்றால் இழவு சொல்ல வருகிறவர்கள் உள்ளே வரமாட்டார்கள். வாசல் படலைக்கு வெளியில் நின்று சொல்லிவிட்டு, ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் போவார்கள்.

ஒருநாள் கொழும்புத்துறையில் இருந்து மீன் கொண்டுவருகிற சிமியோன் படலையில் வந்து நின்று, "ஐயா நிக்கிறாரோ?" என்று கேட்டான். குரலைக் கேட்டதுதான் தாமதம், அத்தான் கொட்டிலுக்குள் பாய்ந்து தவிட்டு வாளியைத் தட்டிவிட்டார். சிமியோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "விரதமெண்டு தெரியும் அம்மா, பூசம் முடிய நல்ல இறால் கொண்டுவரட்டோ எண்டு கேக்கத்தான் வந்தனான்," என்றான். அக்காவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். அத்தான் தலையெல்லாம் தவிட்டோடு வந்து, "இழவு சொல்ல வாறவன் மாதிரியே நிண்டு கேக்கிறான்," என்று அவனை ஏசினார்.

சிரிப்பு அந்த ஒருநாளோடு போயிற்று. பூசம் கிட்டக் கிட்ட அக்காவின் போன் அடிக்கத் தொடங்கியது. துஷாந்தினியின் பெயர் வெளிச்சத்தில் வரும். அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு அத்தானைப் பார்ப்பாள், அத்தான் முற்றத்தைப் பார்ப்பார். அது அடித்து ஓயும். கொஞ்ச நேரத்தில் திரும்ப அடிக்கும். அவர் அந்தச் சத்தத்துக்குள் நிற்கமாட்டாமல் வயலுக்குப் போய்விடுவார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அதே நேரம் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை.

பூசத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்தார். படலைக்கு வெளியிலேயே நின்றார். கோப்பாயில் துஷாந்தினிக்கு அயல்வீட்டுக்காரர் அவர், எனக்கும் முகம் தெரியும். அத்தான் வைக்கல் போருக்குப் பின்னால் போய்விட்டார். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவள், விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தினாள்.

"துஷாந்தினிதான் அனுப்பினவ..." என்று அவர் தொடங்கினார்.

"அண்ணை, ஒண்டும் சொல்லாதேங்கோ. நாளைக்குப் பூசம். புதிர் எடுக்கவேணும். நேத்தி இருக்கு."

அவர் வாயை மூடிக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை. புதிர் என்றால் வீட்டில் கரைச்சல் கொடுக்கக் கூடாது. "சரி பிள்ளை, முடிச்சுப்போட்டு வாருங்கோ," என்று சொல்லி, மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா குசினிக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். நான் பொட்டால் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஏரம்பர் போய்விட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் துடக்கு. வைக்கல் போருக்குப் பின்னால் இருந்து அத்தான் வருவதற்குக் கன நேரம் எடுத்தது.

பூசத்தன்று விடிய அவர் கிணற்றடியில் தோய்ந்து, வேட்டி கட்டி, அரிவாளோடு வயலுக்குப் போனார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டு முதல் கதிரை அறுத்து, வெள்ளைத் துணி விரித்த கடகத்தில் வைத்துக் கொண்டுவந்தார். அக்கா கதிரை உருவி உரலில் போட்டாள். அத்தான் உலக்கையை வாங்கிக் குத்தினார். நாலு குத்துக் குத்துவார், நிற்பார்.

"குணம், நேற்று வந்தவர் என்ன சொன்னவர்?"

"நான் கேக்கேல்லை."

"முகம் எப்பிடி இருந்தது?"

"பாக்கேல்லை."

அவர் திரும்பவும் குத்தினார். அவர் அழுததை நான் பார்த்தேன். அரிசிக்குள் விழக்கூடாது என்று முகத்தைத் தோளில் துடைத்துத் துடைத்துக் குத்தினார். பிறகு செங்காரியைக் கறந்தார். அது வழக்கம்போல அசைபோட்டுக்கொண்டு நின்றது. அம்மன் கோயிலில் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது, ஐயர் நல்ல சகுனம் என்றார். நேத்தி குறைவில்லாமல் முடிந்தது. அத்தான் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்த கையோடு, "ஓட்டோவைக் கூப்பிடு," என்றார்.

நாங்கள் மூன்று பேரும் செத்தவீட்டுக்குப் போகிறவர்களாகத்தான் போனோம். அக்கா நகையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். ஆனாலும் புதிர்ப் பொங்கலில் கொஞ்சத்தை ஒரு பாத்திரத்தில் போட்டு மடியில் வைத்திருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. கோப்பாய் வெளியைக் கடக்கும்போது அத்தான் ஓட்டோக்காரனின் தோளைத் தட்டித் தட்டி, கெதியாய்ப் போகச் சொன்னார்.

துஷாந்தினி வீட்டு ஒழுங்கையில் பந்தல் இல்லை. சனம் இருக்கக் கதிரைகள் போடவில்லை. வெள்ளை கட்டவில்லை. ஒரு சனமும் இல்லை. துஷாந்தினி கிணற்றடியில் தகப்பனின் சாரத்தை அலம்பிக்கொண்டு நின்றாள்.

"அப்பா?" என்று அத்தான் கேட்டார்.

"உள்ளை இருக்கிறார், சித்தப்பா."

அத்தான் கிணற்றுக்கட்டில் தொப்பென்று இருந்துவிட்டார். சிரித்தார், அழுதார், அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினார். "இருக்கிறாராம், குணம். இருக்கிறாராம்." அம்மன் அவரைக் கைவிடவில்லை என்றுதான் அந்த நேரம் நானும் நினைத்தேன்.

துஷாந்தினி சிரிக்கவில்லை. சாரத்தைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏன் சித்தப்பா ஒருதரும் போன் எடுக்கேல்லை? அப்பாதான் அடிக்கச் சொன்னவர். உங்களோடை கதைக்கவேணுமெண்டு எத்தினை தரம் கேட்டவர். அப்பாவை விட்டிட்டு எனக்கு அங்காலை இங்காலை அசையேலாது. கடைசியாய் அயலிலை உள்ள அண்ணையைக் கும்பிட்டு அனுப்பினனான். பூசம் முடியத்தான் வருவினமாம் எண்டு வந்து சொன்னார்."

"என்ன கதைக்கவாம்?" அத்தானின் குரல் மெல்லியதாக வந்தது.

"எனக்குச் சொல்லேல்லை. நானும் கேட்டுப் பாத்தன். இது தம்பிக்குச் சொல்லவேண்டிய கதை, அவனை வரச்சொல்லு எண்டுதான் சொன்னவர். நேற்று இருட்டுமட்டும் படலையைப் பாத்துக்கொண்டு கிடந்தவர். இண்டைக்கு விடிய வாய் நிண்டிட்டுது, சித்தப்பா. நாக்குத் திரும்புதில்லை."

நாங்கள் உள்ளே போனோம். ஏரம்பர் யன்னல் பக்கமாகக் கட்டிலில் கிடந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கண் மட்டும் தெளிவாக இருந்தது. அத்தானைக் கண்டதும் அந்தக் கண் அவர் முகத்தில் போய் நின்றது. வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது.

அத்தான் நிலத்தில் முழங்காலில் இருந்து அவருடைய கையைப் பிடித்தார். "அண்ணை, பூசம் முடிஞ்சுது. நான் வந்திட்டன். இப்ப சொல்லுங்கோ," என்றார். காதை அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, தான் கேட்கத் தொடங்கினார்.

"வயலைப் பற்றியோ? துஷாந்தினியைப் பற்றியோ? என்னிலை ஏதும் கோவமோ, அண்ணை? அம்மாவைப் பற்றி ஏதுமோ?"

ஒவ்வொன்றுக்கும் அவர் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். எதற்கும் அந்தத் தலை அசையவில்லை. கண்ணோரத்தால் நீர் வழிந்தது, அது எந்தக் கேள்விக்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தான் அதைத் தன் சால்வையால் ஒற்றிவிட்டு, அடுத்ததைக் கேட்டார்.