சோடா வண்டியில் அக்கா கட்டிய அலமாரி

மச்சான் வாங்கிய வேன் அதற்கு முன் கலர் சோடா ஏற்றிக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்தால் இனிப்பு வாசமும் எறும்புச் சாரையுமாக இருக்கும். எழுபதுகளின் தொடக்கம் அது. மச்சான் என் அக்காவின் கணவர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மிஷினுக்கு மெக்கானிக்காக மாதச் சம்பளத்தில் இருந்தார். அந்தச் சமயத்தில் ஊரைச் சுற்றிப் புதிது புதிதாகச் சின்னப் பனியன் ஷெட்டுகள் வந்துகொண்டிருந்தன. நாலைந்து மிஷின் வைத்திருப்பவர்களால் தனியாக ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொள்ள முடியாது. மிஷின் நின்றுவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாரையாவது தேடிப் போய்க் கெஞ்ச வேண்டும். நாமே சாமான்களோடு அவர்களிடம் போனால் என்ன என்று மச்சானுக்குத் தோன்றியது. வேலையை விட்டார். வண்டி ஓட்ட என்னை அழைத்துக்கொண்டார். எனக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். மச்சானை வழியனுப்பும்போது, "பொங்கல் வரைக்கும் உன்ற இடத்துல வேற ஆளப் போடமாட்டேன். சரிப்படலீன்னா கூச்சப்படாம வந்துரு" என்றார். மச்சான் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆனால் அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. திரும்பிப் போய் அதே மிஷினுக்கு முன்னால் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். தொல்லையெல்லாம் வண்டிக்குள்தான். ஸ்பானர்களை ஒரு பெட்டியில் அளவு வாரியாக அடுக்கியிருந்தார். ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரு பெட்டி, சுத்தியல் எல்லாம் ஒரு பெட்டி, எண்ணெய் டப்பாக்கள் ஒரு மூலை. வீட்டு வாசலில் நிற்கும்போது பார்க்க அழகாக இருக்கும். மங்கலம் ரோட்டில் இரண்டு பள்ளம் இறங்கி ஏறினால் போதும், ஸ்பானர் சுத்தியலோடும் சுத்தியல் எண்ணெயோடும் கலந்து கிடக்கும். அவர் ஷெட்டுக்குள் மிஷினடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் வண்டிக்கும் மிஷினுக்கும் ஓடுவேன். மிஷின் இரைச்சலில் அவர் கேட்டது சரியாக விழாது. இன்னொரு தரம் கேட்க எனக்குக் கூச்சம். கையில் கிடைத்ததைக் கொண்டுபோய் நீட்டுவேன்.

நெருப்பெரிச்சலில் ஒரு முதலாளி, விவசாயக் குடும்பத்துக்காரர், பருத்திக் காட்டை ஒட்டி ஷெட் போட்டிருந்தார். ஒரு நாள் நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு மச்சானிடம் சொன்னார்: "ஏனுங்க, நீங்க மிஷின் பாக்கற நேரத்த விட உங்க மச்சினன் ரோட்டுக்கு ஓடற நேரந்தான் சாஸ்தியாட்ட இருக்குது. இவருக்கு எதுக்குங்க வேனு, சைக்கிளே போதுமே!"

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். வண்டியில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த முதலாளியிடம் இரண்டு ஷெட், அவருடைய பங்காளிகளிடம் மூன்று. அவர் ஒத்துக்கொண்டால் அந்தப் பக்கம் முழுக்க மச்சான் கையில். அவர் கைவிட்டால் பொங்கலுக்குள் கம்பெனிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இது அக்காவின் காதுக்குப் போனது. அக்கா கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பெனியில் துணி வெட்டும் மேஜையில் வேலை செய்தவள். வாய் கொஞ்சம் நீளம். சோற்றைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு நானும் வண்டில வர்றேன்" என்றாள்.

"பொம்பள வேன்ல ஏறி ஷெட்டு ஷெட்டாப் போனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க புள்ள?" என்றார் மச்சான்.

"இப்ப மட்டும் என்ன பாராட்டறாங்களாக்கும்? சைக்கிளே போதும்ங்கறாங்க."

மறுநாள் பின்னால் ஒரு கவிழ்த்த டப்பா மேல் உட்கார்ந்துகொண்டு வந்தாள். கையில் துணியில் குறி போடும் சாக்கட்டி. எதையும் இடம் மாற்றவில்லை, யோசனையும் சொல்லவில்லை. நான் எடுத்த ஒவ்வொரு சாமான் மேலும் ஒரு கோடு இழுத்தாள். அதே சாமானை மறுபடி எடுத்தால் இன்னொரு கோடு. பல்லடம் போய்விட்டுத் திரும்புவதற்குள் சில ஸ்பானர்கள் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டன. சிலவற்றில் ஒரு கோடுகூட இல்லை. கோடு விழாத ஒரு பெரிய ஸ்பானரை எடுத்துக் காட்டினாள்.

"இது என்ற மாமியாராட்ட. நடு ஊட்டுல உக்காந்துக்கிட்டு ஒரு வேலையும் செய்யறதில்ல. இதக் கொண்டுபோய் அடியில போடுங்க."

"எங்கம்மாவ எதுக்குடி இழுக்கற?" என்றார் மச்சான். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா கண்டுபிடித்தது சின்ன விஷயம்தான். ஆனால் அது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மச்சான் சாமான்களை இனம் இனமாகப் பிரித்திருந்தார். வேலையோ அப்படி வருவதில்லை. ஊசி மாற்றும்போது ஒரு ஸ்பானர், ஒரு டிரைவர், ஒரு குறடு, கொஞ்சம் எண்ணெய், ஒரு பிரஷ் எல்லாம் சேர்ந்தே வேண்டும். பெல்ட் அறுந்தால் அதற்கு வேறொரு கூட்டம். "வேலைக்கு ஒரு பெட்டியா வைங்க. உள்ள போகையில அந்த ஒண்ணத் தூக்கிட்டுப் போனாப் போதும்" என்றாள். டீக்கடையில் கிளாஸ்களை எடுத்துப் போகும் தூக்கு இருக்கிறதே, அந்த மாதிரி கைப்பிடி வைத்துச் செய்யச் சொன்னாள்.

பல்லடம் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் ஆசாரி ஒருவரிடம் வண்டியை விட்டோம். பழைய மரப்பெட்டிகளைப் பிரித்த பலகையிலேயே அலமாரி. பள்ளத்தில் குதித்தாலும் சாமான் வெளியே சரியாமல் இருக்க, தட்டுகளை நேராக அடிக்காமல் பின்பக்கம் கொஞ்சம் சாய்த்து அடிக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். "இந்த ஆசாரி சாய்ஞ்ச அலமாரி செஞ்சான்னு சொல்லிச் சிரிப்பாங்க அம்மிணி" என்றார் அவர். "சிரிக்கறவங்கள எங்க வண்டில ஏத்தி மங்கலம் வரைக்கும் கூட்டிட்டுப் போறனுங்க" என்றாள் அக்கா. சாய்த்தே அடித்தார். கனமான சாமான்களை எல்லாம் இடது பக்கம் கீழே வைத்தாள். ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் இழுத்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "இடது பக்கம் சாயுதுக்கா" என்றேன். அன்று சாயங்காலமே பாதியைப் பிரித்து வலது பக்கம் மாற்றிவிட்டாள். செய்து முடித்த வேலையைக் கலைக்கிறோமே என்று அவள் முகத்தில் ஒரு சுணக்கம்கூட இல்லை. அவளிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சாமான்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க ஒவ்வொரு அறைக்குள்ளும் பனியன் வேஸ்ட் துணியை மெத்தைபோல் விரித்தாள். திருப்பூரில் எல்லாவற்றுக்கும் அந்த வேஸ்ட்தான். கை துடைக்க, தலையணைக்குள் அடைக்க, சுடுபாத்திரம் இறக்க, ஒழுகும் குழாயைக் கட்ட. வெட்டிப் போட்ட துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும் ஊரில் வேறு எது தோன்றும்? மச்சானும் சரி என்றார், நானும் சரி என்றேன்.

நெருப்பெரிச்சல் முதலாளி ஒரு மிஷினுக்கு முழுக்கப் புது ஊசி மாற்றச் சொன்னார். "இது நல்லா வந்தா ரெண்டு ஷெட்டையும் பேசிக்கலாம்" என்றார். ஊசிகளை பஜாரில் கடை வைத்திருந்த பாயிடம் வாங்கினோம். அவர் எண்ணெய்க் காகிதத்தில் கட்டுக்கட்டாகச் சுற்றித் தருவார். எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அக்கா அந்தக் காகிதங்களைப் பிரித்து, ஊசிகளை மெத்தை விரித்த அறைகளில் வரிசையாகப் படுக்க வைத்தாள். மச்சான் ஒரே ஒரு தூக்கோடு உள்ளே போனார். நான் ஒரு தடவைகூட ஓடவில்லை. இருட்டுவதற்குள் மிஷின் ஓடியது. முதலாளி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் காலையில் முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். போனோம். இரவெல்லாம் ஓடிய துணியில் மேலிருந்து கீழாகக் கோடுகள். அங்கங்கே ஓட்டை. முதலாளி துணியை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

"பாய் இந்தத் தடவ ஏமாத்திட்டாருங்க. மட்ட ஊசியத் தள்ளிட்டாரு. அவரக் கூட்டியாரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கேன். உங்க மேல தப்பில்லீங்க" என்றார்.

மச்சான் மிஷினிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஊசி முனையில் திறந்து மூடும் நாக்கு ஒன்று உண்டு. அந்த நாக்கின் அடியில் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பஞ்சு. அடுத்த ஊசியிலும் பஞ்சு. நாக்கு மூடாததால் நூல் நழுவியிருக்கிறது. அது மெத்தைத் துணியின் பஞ்சு என்று எனக்கும் புரிந்துவிட்டது. மச்சான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி பாயோடு போயிருக்கும். ரெண்டு ஷெட்டும் கைக்கு வந்திருக்கும்.

"ஊசி நல்ல ஊசிங்க. நாங்க வச்ச எடந்தான் தப்பு" என்றார். பெட்டியைத் திறந்து அந்தத் துணியையும் காட்டினார். முதலாளியின் முகம் மாறியது. கோடு விழுந்த துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இந்த நட்டத்துக்கு நான் யாரக் கேக்கறதுங்க?" என்றார்.

மச்சான் என்னை அனுப்பி மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா டின்னைத் தானே தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். நேராக ஷெட்டுக்குள் போய் முதலாளி முன்னால் நின்றாள்.

"துணி விரிச்சது நாந்தானுங்க. என்ற ஊட்டுக்காரர் அலமாரியில கையே வெக்கல. கழுவிக் குடுத்துட்டுத்தான் போவேன்."

ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள். மச்சான் கழற்றினார், அக்கா மண்ணெண்ணெயில் அலசி பிரஷ்ஷால் நாக்கை நீவினாள், நான் தட்டில் பரப்பினேன். அதற்குள் பாய் வந்து சேர்ந்தார். விவரம் கேட்டதும் குனிந்து தட்டைப் பார்த்தார்.

"ஏம்மா தங்கச்சி, என்ற ஊசிக்கே பனியன் போட்டு உட்டியா? குளிருதுன்னு சொல்லுச்சா?"

முதலாளியே சிரித்துவிட்டார். பிறகு பாயும் தரையில் உட்கார்ந்து, வளைந்த ஊசிகளைப் பொறுக்கி எடுத்து, தன் பையிலிருந்து வேறு ஊசிகள் வைத்தார். பொழுது சாயும்போது மிஷின் ஓடியது. முதல் துணியை முதலாளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கோடு இல்லை.

நேராக வண்டிக்கு நடந்தார். ஒவ்வொரு தூக்காக இழுத்துப் பார்த்தார். சாய்ந்த தட்டில் கையை வைத்து அழுத்தினார். "இது எதுக்குங்க இப்படி?" என்று ஒவ்வொன்றாக அக்காவிடம் கேட்டார். அவள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், "அந்தத் துணிய எடுத்துப்போட்டு, பழைய சைக்கிள் டியூப வெட்டி ஒட்டுங்க அம்மிணி. ஊசிய மட்டும் பாய் சுத்திக் குடுத்த காயிதத்துலயே வெச்சிருங்க" என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "பொறத்தால ஷெட்டுல மூணு மிஷின் சத்தம் போடுது. நாளைக்கு அதப் பாருங்க. ஓட்ட விழுந்த துணிய நான் செகண்ட்ஸுல, மட்ட வெலைக்குத் தள்ளிக்கறேன்" என்றார்.

பொங்கலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மச்சான் என்னைக் கம்பெனி மேனேஜரிடம் அனுப்பினார். அவரே போனால், இருந்துவிடச் சொல்லி மேனேஜர் வற்புறுத்துவார், மறுக்க முடியாது என்று பயம். மேனேஜர் அறையில் நின்று, "மச்சான் வரமாட்டாருங்க" என்றேன். திரும்பி ஓடிவந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏனப்பா, அந்த வண்டில அப்படி என்ன இருக்குது?" என்று கேட்டார் அவர்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். சாக்கட்டிக் கோடுகளை, கைப்பிடி வைத்த பெட்டிகளை, தட்டுகளை ஏன் சாய்த்து அடித்தோம் என்பதை, கனம் இரண்டு பக்கமும் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்பதை. ஒரு வேற்று மனிதர் முன்னால் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்.