குதிகால் பதிந்த கோப்பு

என் மேசைக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு தடித்த கறுப்புக் கோப்பு இருக்கிறது. அதன் மேலட்டையில் இரண்டு குதிகால்களின் தடம், மஞ்சளும் எண்ணெயும் கலந்து. அன்றே துடைத்திருந்தால் போயிருக்கும். துடைக்கவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் நடைமுறைகளைக் கட்டிக்காத்தவன் நான். மகள் பிரசவமாகிக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பேத்திக்குப் பால் கொடுக்கவும் ஓர் அட்டவணை போட்டேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை; பக்கத்துக்குப் பத்து நிமிடம். நேரம் முடிந்ததும் கதவைத் தட்டுவேன். இடையில் பிள்ளை வீறிட்டால், அடுத்த வேளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று வெளியே நின்று அறிவிப்பேன். எல்லாம் கோப்பில் ஏறியது. முட்டாள்தனத்தில் நான் தனி ஆளும் இல்லை. பத்தியம் என்று மகளின் காலில் மஞ்சளும் எண்ணெயும் பூசி, தண்ணீரை அரை கிளாஸாக அளந்து கொடுத்த சம்பந்தியம்மா, வறுத்த பூண்டை ஊட்டிவிட்டு, "பால் பத்தல அண்ணே, டின் பால் வாங்கிருங்க" என்று தினமும் தீர்ப்பு வழங்கினார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தாய்ப்பால் ஆலோசகரிடமும் போனோம். சுவர் நிறையச் சான்றிதழ்கள். அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. ஒரு பொம்மையை அணைத்துக்கொண்டு விளக்கினார். பொம்மை நன்றாகவே குடித்தது. எங்கள் பிள்ளை முதுகை வளைத்துக் கத்தியது. பிறை வடிவத் தலையணை ஒன்றை எங்களிடம் விற்று அனுப்பிவைத்தார்.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் அரசாங்க கிளினிக் இருந்தது. ஆயுள் முழுக்க அரசாங்கத்தில் இருந்தவன் என்பதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. ஒன்பதாம் நாள், பிள்ளைக்கு எடை பார்க்க மட்டுமே அங்கே போனோம். எடை முந்தைய தடவையைவிடக் குறைந்திருந்தது. மகளுக்கு மார்க்காம்பு வெடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "எனக்குப் பால் குடுக்கணும்னுதான்பா ஆசை. முடியலப்பா. டின் பாலே வாங்கிரலாம்" என்றாள். பிள்ளையைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

எடை பார்த்த நர்ஸுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸிக்கு, ஐம்பதைத் தாண்டிய வயது. விவரம் தெரிந்தவன் என்ற மிடுக்கோடு கோப்பை நீட்டினேன். நாலு பக்கம் புரட்டினார்.

"யாரு அங்கிள் இத போட்டது?"

"நான்தான்."

"பிள்ளைக்கு மணி பாக்கத் தெரியுமா?"

பதிலுக்குக் காத்திராமல் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். கோப்பு அவர் கையிலேயே போய்விட்டது.

"உன் கால் தொங்குதும்மா. அப்புறம் முதுகு வளையாம என்ன செய்யும்? இந்தா, இதுமேல வை."

"ஐயோ மிஸ்ஸி, அப்பாவோட பைல்! பேப்பர்ல போய் கால வைக்கிறதா?"

"சரஸ்வதி கோச்சுக்க மாட்டா லா. இதுல என்ன எழுதியிருக்குன்னு அவளுக்குத் தெரியும். வச்சிட்டியா? பிள்ளை வயிறு உன் வயித்தோட ஒட்டணும். நீ குனியாத, பிள்ளைய உன்கிட்ட கொண்டு வா. பொறு. வாய நல்லாத் தொறக்கட்டும். பொறு... இப்ப!"

பிள்ளையின் சிணுங்கல் நின்றது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்... இல்ல மிஸ்ஸி. இப்ப இல்ல."

அப்போது 'க்ளுக்' என்றொரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒன்பது நாளில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதேயில்லை. கேட்காததைக் குறிக்க என் அட்டவணையில் கட்டமும் இல்லை.

"முழுங்குது பாரு. பசிச்சு வாய அசைக்கும்போதெல்லாம் குடு, அழுற வரைக்கும் விடாத. போதும்னு அதுவே விடும். தாகம் எடுத்தா தண்ணி குடி." குரல் உயர்ந்தது. "வெளிய நிக்கிறவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்!"

இரண்டு நாள் கழித்துப் போனபோது எடை ஏறியிருந்தது. டின் பால் வாங்கவில்லை.

பேத்திக்கு இப்போது மூன்று வயது. எல்லாம் தன் பூண்டின் மகிமை என்று சம்பந்தியம்மா கோயிலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே நின்று, நல்ல இடமாகப் பார்த்து அழைத்துப் போனதாக நானும் சொல்லிக்கொள்கிறேன். ஓய்வுபெற்று இத்தனை காலமான பிறகும் என் மேலதிகாரிகள் அத்தனை பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்வேன். மிஸ்ஸியின் பெயரை மட்டும் கேட்டு வைக்கத் தோன்றவில்லை. எத்தனையோ கோப்புகளில் முத்திரை குத்தியிருக்கிறேன். ஒரு கோப்பாவது யாருக்காவது உபயோகப்பட்டது என்பதற்கு என்னிடம் இருக்கும் அத்தாட்சி, அந்த இரண்டு மஞ்சள் குதிகால்கள்தான்.