விளிம்பில் இருந்த பெயர்

அவருக்கு லென்ஸ் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று தெருவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடை. கழுத்தில் எப்போதும் கறுப்புக் கயிற்றில் தொங்கும் ஒரு பூதக்கண்ணாடி. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று மனைவியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பிறகு வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் நடுவில் பதினான்கு மரப்படிகள், சுவரில் சாத்திய ஏணி போலச் செங்குத்தாக. "ஏறும்போது மூட்டு பேசும், இறங்கும்போது உயிர் பேசும்" என்பாள் மனைவி. ஒரு கைப்பிடி போடச் சொல்லி அவள் கேட்க ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. மனிதர் காதில் வாங்கியதே இல்லை. அவருடைய காது, கண், புத்தி எல்லாம் பதக்கங்களிடம்தான்.

அந்தப் பைத்தியம் இருபத்துமூன்று வயதில் பிடித்தது. யாரோ ஒருவர் கடையில் மறந்துவிட்டுப் போன கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு வெண்கலப் பதக்கம் இருந்தது. தேடி யாரும் வரவில்லை. ஒரு பக்கம் பாலம், மறு பக்கம் வாசிக்கத் தெரியாத எழுத்து. அதை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்து, நாலைந்து அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் போட்டார். பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கோ ஒரு தூர தேசத்தில், குண்டு மழைக்கு நடுவே பாலம் கட்டியவர்களுக்கு அந்த நாட்டு அரசு கொடுத்ததாம். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கு லென்ஸ் சாப்பிடவே இல்லை.

அப்புறம் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். எந்த நாட்டுப் பதக்கமானாலும் சரி, போர்ப் பதக்கமோ, முடிசூட்டு விழா நினைவாக அச்சடித்ததோ, வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்ததோ, எடுத்து வைத்தால் முதலில் உலோகம் பார்ப்பார், பிறகு ரிப்பனின் கோடுகளை எண்ணுவார், கடைசியாக விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார். வாங்கியவரின் எண்ணும் பெயரும் அங்கேதான் பொறித்திருக்கும். முகத்தைப் பார்த்து ஏமாந்து போகலாம், விளிம்பைப் பார்த்து ஏமாற முடியாது என்பது அவர் கட்சி. பதக்கத்தோடு யார் வந்தாலும் "வாங்க" என்பதற்கு முன்னால் "கழுவாதீங்க, பழைய நிறம் போயிடும்" என்பார். பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வந்த பள்ளி ஆசிரியர் ஒருவரோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படி முப்பது வருஷம் அலைந்ததை எல்லாம் திரட்டி, சேகரிப்பாளர் சங்கத்துக்காக ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஊரில் எந்த வீட்டில் என்ன பதக்கம் இருக்கிறது என்ற பட்டியல். இருபத்துநான்கு பக்கம். இருப்பிடம் தெரியாத பதக்கம் அநாதை என்பது சேகரிப்பாளர்கள் வழக்கம். அதனால் தெரு, மாடி, பெட்டியில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா என்பது வரை ஒன்று விடாமல் எழுதினார். அரிய பதக்கம் என்றால் மூன்று நட்சத்திரம். ஊர் முழுக்க மூன்றே மூன்று வீட்டுக்குத்தான் அதைக் கொடுத்தார். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர், வயதான நர்சம்மா ஒருவர், மூன்றாவது அவருடைய சொந்தச் சகலை.

இந்த மூன்றாவதில்தான் மனிதர் சறுக்கினார். சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். அக்கா போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். அப்பாவின் வெள்ளிப் பதக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதே முகமும் அதே ரிப்பனுமாக அந்தப் பதக்கத்தை அன்றைய அரசு பல்லாயிரம் பேருக்கு வெறும் விளிம்போடு கொடுத்திருந்தது. பெயர் பொறித்துக் கொடுத்தது நாற்பதே பேருக்கு. எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் சட்டத்தைப் பிரிக்க வேண்டும். சகலையோ பிடிவாதத்தில் கல். தொடவே விடவில்லை. "அத்தான் மனசு நோகாம எழுதுங்க, அவருக்குன்னு வேற என்ன இருக்கு?" என்றாள் மனைவி. லென்ஸும் பெரிய மனசு பண்ணி மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டார். விளிம்பைப் பார்க்காமல் வாழ்நாளில் அவர் எழுதியது அது ஒன்றுதான்.

புத்தகம் வந்த இரண்டாம் மாதம் ஒரு மனிதர் கடைக்கு வந்தார். வெளியூர்க்காரர், மெல்லிய குரல், கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை. பதக்கத்தை ஓரம் பிடித்து எடுத்த விதத்தைப் பார்த்ததும் லென்ஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விளிம்பில் இருந்தது ரயில் ஓட்டுநரின் பெயர்.

"கொடுத்துட்டாரா?" என்றார் லென்ஸ், நம்ப முடியாமல்.

"பெரியவர் போய்ட்டாருங்க. மாடிப்படியில கால் இடறிடுச்சாம். வீட்டுல இருக்கறவங்க எடுத்துக்கச் சொன்னாங்க."

லென்ஸ் உச்சுக்கொட்டினார். வழக்கம்போல ஒரு அட்டையில் பதக்கத்தின் விவரத்தையும் அன்றைய தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையுறைக்காரர் தன் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை நர்சம்மாவின் பதக்கம். "அந்த அம்மாவும் போய்ட்டாங்க" என்றார். லென்ஸுக்கு மனசு கனத்தது. அதே மாதிரி தேதி போட்டு அட்டை எழுதிக் கொடுத்தார். மறுநாள் பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுத் துக்கம் விசாரிக்கப் போனார்.

வாசலில் கூட்டம். கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவள் அழுதுகொண்டே வந்தாள். "காலையிலதான் ஐயா. பால் வாங்க இறங்கினாங்க. படியில விழுந்து கிடந்தாங்க."

"எந்தக் காலையில?"

"இன்னிக்குத்தான். நேத்து சாயங்காலம்கூட என் கடையில உட்கார்ந்து சிரிச்சுப் பேசிட்டுப் போனாங்களே."

லென்ஸ் அவளைக் கொஞ்சம் ஓரமாக அழைத்தார். "அவங்க பதக்கம்?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ரிப்பன் நைஞ்சு போச்சுன்னு ஒருத்தர் தைச்சுத் தரேன்னு போன வாரம் வாங்கிட்டுப் போனார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தாரு. உங்க புத்தகத்தைக் காட்டி, உங்க பேரைச் சொன்னாராம். உங்க பேரைச் சொன்னதாலதான் நம்பிக் கொடுத்தேன்னு சொன்னாங்க."

உயிரோடு இருந்தவளைப் போய்விட்டாள் என்று முந்தின நாளே அந்த மனிதர் சொன்னது வாய் தவறியா, தெரிந்தே சொன்னதா? இரண்டில் எது மோசம் என்று அவருக்குத் தெரியவில்லை. வழி காட்டியது தன் புத்தகம் என்பது மட்டும் தெரிந்தது. தெரு எழுதி, மாடி எழுதி, பெட்டியா சுவரா என்று எழுதி, நட்சத்திரமும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

நேரே காவல் நிலையம் போனார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "வயசானவங்க படியில விழறது புதுசா? ஃபோன் நம்பரை மட்டும் வெச்சு நான் என்ன பண்ண? அவர் திங்கட்கிழமை வந்தார்ங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"அட்டையில தேதி போட்டுக் கொடுத்தேன்."

"எங்க அந்த அட்டை?"

அது கையுறைக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

புதன்கிழமை காலை, மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தூக்கோடு சகலை வீட்டு மூன்று மாடியை ஏறினார். ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தார். பதக்கம் இருந்தது. சகலையும் இருந்தார், வழக்கத்தைவிட உற்சாகமாக.

"வாங்க சகலை. நம்ம வீட்டைத் தேடி ஆள் வர ஆரம்பிச்சாச்சு. நேத்து ஒருத்தர் வந்தார். என்ன மரியாதை. கையுறை போட்டுக்கிட்டு, தொடாம நின்னே பார்த்தார். சனிக்கிழமை மறுபடி வரேன்னு போயிருக்கார்."

"அவரை உள்ள விடாதீங்க சகலை. அவர் நல்லவர் இல்ல."

"என் அப்பா பதக்கத்தை ஒருத்தர் மெச்சினா உங்களுக்குப் பொறுக்காதே. உங்க வீட்டுச் சுவர்ல மாட்ட ஒண்ணு இல்லாத எரிச்சல்."

லென்ஸ் நர்சம்மாவைச் சொன்னார், ஓட்டுநரைச் சொன்னார். சகலை கேட்டுவிட்டுச் சிரித்தார். "நான் நாலு மணி நேரம் நின்னாலும் கால் நடுங்காத ஆளு. படியில விழுவேனா?" இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று லென்ஸுக்குத் தெரியும். முப்பது வருஷப் பழக்கம். அப்போதுதான் வாயில் ஒரு பொய் தானாக வந்தது.

"சட்டத்துக் கண்ணாடியில பூஞ்சை பிடிச்சிருக்கு. ரிப்பன் அரிச்சுடும். சனிக்கிழமை அவர் வரும்போது பளிச்சுன்னு இருக்க வேண்டாமா? மாத்தித் தரேன்."

சகலை சட்டத்தை இரண்டு கையாலும் கழற்றிக் கொடுத்தார். "ஒரு கீறல் விழுந்தா உறவே கிடையாது, சொல்லிட்டேன்." தைத்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபடியே லென்ஸ் படி இறங்கினார்.

அவர் போட்ட கணக்கு இதுதான். கையுறைக்காரரைக் கடைக்கே கூப்பிட வேண்டும். அவர் கண்ணெதிரில் சட்டத்தைப் பிரித்து வெறும் விளிம்பைக் காட்ட வேண்டும். என் புத்தகம் தப்பு, சொந்தக்காரர் என்பதால் நட்சத்திரம் போட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருஷப் பெயர் போகும். போகட்டும், சகலை பிழைப்பார். கடைக்கு வந்ததும் கையுறைக்காரர் எழுதி வைத்துப் போன எண்ணுக்குப் பேசினார். "பதக்கம் என்கிட்ட இருக்கு. சனிக்கிழமை நேரா இங்க வாங்க." மறுமுனையில் அந்த மெல்லிய குரல் சரி என்றது.

வெள்ளிக்கிழமை மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, எதற்கும் முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சட்டத்தைப் பிரித்தார். பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பைத் திருப்பினார்.

எண் இருந்தது. பதவி இருந்தது. சகலையின் அப்பா பெயர் இருந்தது.

நாற்பதில் ஒன்று. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கையில் அப்படி ஒன்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனசு நோகக் கூடாதென்று போட்ட மூன்று நட்சத்திரமும் சரிதான் என்று சகலையிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோஷம் அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. சனிக்கிழமை எதைக் காட்டுவது? கொடுத்துவிட்டால், திருப்பிக் கேட்கக்கூடியவரை அந்த மனிதர் விட்டு வைப்பதில்லை என்பதற்கு நர்சம்மாவே சாட்சி. ஒளித்து வைத்தால், கையுறை போட்டவர் நேரே மூன்றாம் மாடிக்குத்தான் போவார்.

கடையின் பின்பக்கம் மூக்குக்கண்ணாடி வில்லைகளின் ஓரத்தைத் தேய்க்கும் சாணைக்கல் இருந்தது. லென்ஸ் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசையைப் போட்டார்.

சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். "அத்தான் அப்பா பேருதானே அது?"

"ஆமா."

"அழிச்சா அவரு நம்மள மன்னிக்கவே மாட்டாரு."

"மன்னிக்காம இருக்கறதுக்காவது அவரு உயிரோட இருக்கணும்ல."

அவள் ஒரு குவளையில் தண்ணீர் எடுத்து வந்து, கல் சூடாகாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். முதலில் எண் போனது. பிறகு பதவி. பெயரின் கடைசி எழுத்து ஆழமாக இருந்ததால் அதற்கு மட்டும் நேரம் பிடித்தது. பல்பொடி போட்டதற்கே மூன்று மாதம் பேசாதிருந்த மனிதர், உப்புத்தாள் போட்டு விளிம்பை வழவழப்பாக்கி, பளபளப்புத் தெரியாமல் இருக்க எண்ணெயில் குழைத்த கரியைப் பூசினார். அழுதுகொண்டேதான் செய்தார். அதை மறைக்கவும் இல்லை.

சனிக்கிழமை கடை திறந்த உடனே கையுறைக்காரர் வந்தார். பதக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார்.

"பேர் இல்லையே."

"எப்பவும் இருந்ததில்லைங்க. ஆயிரக்கணக்குல கொடுத்த சாதாரண வகை. நான்தான் சொந்தக்காரராச்சேன்னு நட்சத்திரம் போட்டுட்டேன். தப்பு என்னோடது." மனப்பாடம் செய்து வைத்திருந்ததை லென்ஸ் தடுமாறாமல் சொன்னார்.

கையுறைக்காரர் பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தார். ரயில் ஓட்டுநர் இருந்த வரி ஏற்கனவே அடித்திருந்தது, நர்சம்மாவின் வரியும். சகலையின் வரியைப் பென்சிலால் நிதானமாக அடித்தார். லென்ஸின் கண் அந்தக் கோட்டின் கூடவே கடைசிவரை போனது.

பென்சிலைப் பையில் போடப் போனவர் தன் விரலைப் பார்த்தார். வெள்ளைக் கையுறையின் நுனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மினுங்கியது. பதக்கமும் வளையமும் சேரும் இடுக்கைத் துடைக்க லென்ஸ் மறந்திருந்தார். கையுறைக்காரர் இரண்டு விரலையும் சேர்த்து மெல்லத் தேய்த்துப் பார்த்தார். வெள்ளித் தூள்.

அவர் கோபப்படவில்லை. பதக்கத்தை மேசைமேல் வைத்தார். கடையின் பின்னால் இருந்த சாணைக்கல்லைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் மேலே போகும் படிகளைப் பார்த்தார்.

"ரொம்பச் செங்குத்தா இருக்கே. கைப்பிடிகூட இல்ல" என்றார், அதே மெல்லிய குரலில்.

மேலே பலகை கிறீச்சிட்டது. "யாருங்க வந்திருக்கறது?" என்று கேட்டுக்கொண்டே மனைவி முதல் படியில் கால் வைத்தாள்.