சுண்ணாம்புக்கு ஒரு கறுப்புக் கோட்டு

என் அக்காவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். தைப்பது வக்கீல்கள் போடும் கறுப்புக் கோட்டு. வளர்ப்பது வெள்ளைப் பூனை. ஊரில் எத்தனையோ நிறத்தில் பூனைகள் திரிகின்றன. இவளுக்கென்று வந்து சேர்ந்தது சுண்ணாம்பு. நான் வைத்த பெயர்தான். பட்ட இடத்தில் எல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மழை நாளில் பக்கத்துக் கூரையிலிருந்து ஜன்னல் வழியாகக் குட்டியாகக் குதித்து வந்தது. திரும்பிப் போய்விடுமோ என்று அக்கா ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, தெருத் தூசி கோட்டில் படிகிறது, காற்றில் பூனை முடி பறக்கிறது என்று சாத்தியே வைத்துவிட்டாள். கொக்கி துருப்பிடித்து இறுகிப்போனது. கல்யாணமே வேண்டாம், என் இஷ்டத்துக்கு இருப்பேன் என்று வீட்டில் எல்லோரோடும் மல்லுக்கட்டி, தனியாக அந்த மாடி அறைக்கு வந்தவள் அவள். இஷ்டத்துக்கு இருக்கும் லட்சணம் இதுதான்: பகலிலும் எரியும் டியூப்லைட், தையல் மெஷின், பூனை. கோட்டு விற்கும் கடைக்காரரே துணியைக் கொண்டுவந்து போட்டு, தைத்ததை எடுத்துப் போவார். காய்கறி நான் வாங்கி வருவேன். படி இறங்க அவளுக்கு ஒரு சாக்குக்கூட இல்லை.

நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கவும் பொத்தான் தைக்கவும் தினமும் மதியம் அவளிடம் போவேன். போனதும் முதல் வேலை முடி பொறுக்குவதுதான். ஒட்டுகிற பக்கம் வெளியே வரும்படி செல்லோடேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கோட்டைத் தட்டித் தட்டி எடுப்போம். ஈரக் கையால் வழிப்போம். ரப்பர் கையுறை மாட்டித் தேய்த்தால் முடி உருண்டு திரண்டு வரும். அப்பாடா என்று மடித்து வைத்தால் காலரில் ஒன்று பல்லைக் காட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூனை மேல் இல்லை, அக்கா மேல்.

“இதெல்லாம் ஒரு பொழப்பாக்கா? இப்படி அடைஞ்சு கெடந்து...”

“வாயை மூடிட்டுப் பொத்தானைத் தைடி.”

ஒரு நாள் கடைக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“ஏம்மா, நேத்து நம்ம கோட்டைப் போட்டுக்கிட்டு ஒரு வக்கீல் கோர்ட்டுல எழுந்து நின்னிருக்காரு. பின்னாடி இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்களாம். முதுகு பூரா பூனை முடி! என் மானமே போச்சு. இனி ஒரே ஒரு வெள்ளை முடி பார்த்தாலும் நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன். பூனையா வேலையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.”

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். என் அக்கா தையற்காரி. அளவெடுக்கும் டேப்பைக் கையில் எடுத்தாள். பூனைக்கே ஒரு கோட்டு தைத்துவிட்டால் முடி உள்ளேயே இருந்துவிடும் இல்லையா! மிச்சம் கிடந்த கறுப்பு லைனிங் துணியை எடுத்து, தன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டினாள். அந்தக் கத்தரிக்கோல் அவளுக்கு உயிர். துணியைத் தவிர எதன்மேலும் படக் கூடாது. ஒரு முறை நான் அதில் காகிதம் வெட்டிவிட்டேன் என்று பல நாள் என்னோடு பேசாமல் இருந்தவள்.

நாலு காலுக்கும் கை, வயிற்றுக்கடியில் பொத்தான். மாட்டிவிட்டதும் சுண்ணாம்பு, கேஸே கிடைக்காத வக்கீல் மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. நாங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடியும் வெளியே வரவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் போவதற்குள் பூனை மெஷினுக்கு அடியில் சுருண்டுவிட்டது. சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொத்தான்களைக் கழற்றினோம். உள்ளே முடி சிக்குச் சிக்காகத் திரண்டு கிடந்தது. அடியில் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அக்கா அதை வாரி எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் படி இறங்கினாள்.

மிருக வைத்தியர் ஒரு பெண். கோட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“யாரு தைச்சது இதை?”

“நான்தாங்க. முடி கொட்டக் கூடாதேன்னு...”

“கொட்டின முடியை அது நக்கி எடுக்கணும், நீங்க தினம் சீப்பால வாரி எடுக்கணும். இப்படி மூடி வச்சா? சரி, பகல்ல எங்க இருக்கும்?”

“என்கூடத்தான். ரூமுக்குள்ளயே.”

“ஜன்னல்?”

“தொறக்கறதில்லைங்க.”

“லைட்டு?”

“எப்பவும் எரியும்.”

“அப்ப அதுக்கு வெயில்காலம் எது, குளிர்காலம் எதுன்னே தெரியாது. வருஷம் பூரா கொட்டிக்கிட்டேதான் இருக்கும். புண்ணுக்கு மருந்து தர்றேன். நல்லா வெயில் படுற இடத்துல விடுங்க.”

வெளியே வந்ததும் அக்கா பூனையை என் கையில் வைத்தாள்.

“உன் வீட்டு பால்கனியில வெயில் வருதில்ல. நீயே வச்சுக்கோ.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சுண்ணாம்பு என் வீட்டில் தேறியது. வெயிலில் மல்லாந்து கிடக்கும். சீப்பை எடுத்தால் தானே வந்து முதுகைக் காட்டும். கொட்டுவதும் குறைந்தது. அக்காவோ அறையை மூலைமுடுக்கு விடாமல் கழுவித் துடைத்தாள். என்னை வாசலிலேயே நிறுத்தி வேறு புடவை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். “சாப்பிட்டுச்சா?” என்று கேட்பாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டாள். பழக்கத்தில் கால் மட்டும் மெஷினுக்கு அடியில் எதையோ துழாவும்.

ஒரு மதியம் கடைக்காரர் மறுபடி வந்தார். கோட்டை மெஷின்மேல் வீசினார்.

“பூனையை அனுப்பிட்டேன்னு பொய் வேறயா? காலரைப் பாருங்க!”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இந்த ரூமுல பூனை இருந்தா நீங்களே தேடிப் பிடிங்க பார்ப்போம்!” என்று கத்திக்கொண்டே காலரில் தெரிந்த முடியைப் பிடித்து இழுத்தேன். தையலில் மாட்டியிருந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்பின் முடி விரல் நீளம்கூட இருக்காது. இது ஒரு முழம் இருந்தது.

அக்காவின் கொண்டையைப் பார்த்தேன். இவ்வளவும் எப்போது நரைத்தது? தினமும் கறுப்புத் துணியில் வெள்ளை முடி தேடியவள் நான். பக்கத்திலேயே குனிந்திருந்த தலையைப் பார்க்கவில்லை.

கடைக்காரரும் பார்த்தார். “சரி... பார்த்துச் செய்ங்கம்மா” என்று முனகிவிட்டு, கொண்டுவந்த புதுத் துணியை வைத்துவிட்டுப் போனார்.

அக்கா அந்த முடியை என்னிடமிருந்து வாங்கி, விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“பூனையை அனுப்பிட்டோம். என்னை எங்கடி அனுப்புவ?”

எழுந்து நேராக என் வீட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த சுண்ணாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

படியிலேயே காற்று அடித்தது. அறையில் டியூப்லைட் அணைந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கீழே கத்தரிக்கோல் கிடந்தது; ஒரு நுனி உடைந்து, கொக்கியின் துரு அப்பியிருந்தது. அக்கா இடுப்புவரை வெளியே சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை என் கையிலிருந்து குதித்து ஜன்னல் விளிம்பில் ஏறியது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

“கோட்டு மேல தூசி விழுதுக்கா.”

“விழட்டும்டி” என்றாள், திரும்பாமல்.