மாதக் கடைசியில் வந்த கேன்சல்

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு கார் ஷோரூமில் இருபத்திரண்டு வருடம் சேல்ஸில் இருந்தேன். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு புக்கிங் எடுப்பது எப்படி என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். நான் ஒரு கேன்சலைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசியில் யாராவது புக்கிங்கை ரத்து செய்ய வந்தால், படிவத்தில் கையெழுத்து வாங்கி டிராயரில் போட்டுவிடுவோம். ஒன்றாம் தேதிதான் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். அதுவரை அந்த மாத டார்கெட்டில் எண்ணிக்கை குறையாது. "அட்வான்ஸ் எங்க ஓடப்போவுது, நாலு நாள் கழிச்சுக் குடுப்போம்" என்பார் மேனேஜர். எனக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

முடிச்சூர் ஏகாம்பரம் வந்தது ஒரு இருபத்தாறாம் தேதி. நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற பெரியவர். மகள் ரேவதிக்கு நாவலூரில் வேலை. அவள் ஓட்டிப் போக ஒரு சிவப்புக் கார் புக் செய்திருந்தார். தொடர்புக்குக் கொடுத்தது அவள் நம்பர்தான். கலர் பார்க்க மூன்று முறை வந்து என்னைப் பாடாய்ப் படுத்திய பெண்.

"வண்டி வேணாம் சார். கேன்சல் பண்ணிடுங்க" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்று கால் மணி நேரம் பேசினேன். சீட் கவர் இலவசம் என்றேன், வேறு கலர் தருகிறேன் என்றேன். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று நானே எழுதி டிராயரில் போட்டேன்.

மூன்றாம் நாள் மறுபடி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"உங்காளுங்க ரேவதி போனுக்குக் கூப்ட்டு, வண்டி வந்துடுச்சு, மாலை வாங்கிகினு வாங்கன்னு சொல்லிக்கீறாங்க. அவ இல்ல சார். ஜுரத்துல பூட்டா, இருபது நாளாவுது. போனை அவங்கம்மா எடுத்துக்கீறா. அவ மனசு அத்த இன்னும் ஏத்துக்கல. பாப்பா ஆபீஸ் போயிக்கீது, வந்ததும் கூட்டிகினு வரேன்னு சொல்லிட்டு, பொடவ மாத்திகினு வாசல்ல குந்திகினு கீறா."

புக்கிங் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்ததால் டெலிவரி பிரிவு தன் வேலையைச் செய்திருக்கிறது. செய்யாதவன் நான். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"வண்டி வரலன்னு நான் சொன்னா நம்ப மாட்டா. தப்பா கூப்ட்டோம்னு நீங்களே சொல்லிடுங்க சார்."

முதலில் கேன்சலை ஏற்றினேன். மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கையைக் காட்டித் தடுக்கப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு ரேவதியின் நம்பருக்கு அழைத்தேன். அவள் அம்மாதான் எடுத்தார். தவறுதலாகச் சொல்லிவிட்டார்கள் அம்மா, வண்டி வரவில்லை என்றேன்.

"அப்ப இன்னும் லேட்டாவுமா சார்? பரவால்ல, பாப்பா கைல சொல்லிடறேன்."

ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். எழுந்து போனார்.

கேன்சல் செய்ய வருகிறவரை முதலில் உட்கார வையுங்கள். ஏன் என்று கேளுங்கள். அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். இந்த மூன்றையும் நான் கற்றுக்கொள்ள, ஒரு தாய் செத்துப்போன மகளுக்காக வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது.