உறைந்துபோன இன்சுலினும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலமும்

பதினோரு வயதிலிருந்து எனக்கு டைப் 1 சர்க்கரை. "உன்னால மலை சுத்த முடியாது" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே எனக்கு ஆசையை வளர்த்துவிட்டார்கள். டாக்டரும் சம்மதித்ததால் போன பங்குனியில், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு புதன்கிழமை, சென்னையிலிருந்து பஸ் ஏறினேன். திருவண்ணாமலைக்கு ஐந்து மணி நேரம். அங்கிருந்து செங்கம் சாலை அறைக்கு ஆட்டோ 150 ரூபாய்.

அறையில் அனல். கீழ்வீட்டில் இருந்த உரிமையாளர் மல்லிகா அக்காவிடம், "ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்று இன்சுலின் ஊசிப் பேனா இரண்டையும் கொடுத்தேன். இரண்டையும் ஒரே பையில் போட்டது என் புத்திசாலித்தனம்!

காலை ஐந்து மணிக்கு வாங்கினால் கல்லாக இருந்தது.

"ஜாஸ்தி ஜில்லுனு இருந்தா கெடாதுனு மேல ஐஸ் தட்டுல வச்சேம்மா."

"ஐயோ அக்கா! போச்சு!" என்று கத்தியே விட்டேன்.

இன்சுலின் ஒரு புரதம். கணையத்து செல்கள் அதைச் சங்கிலியாகக் கோத்து, சரியாக மடித்து, வெட்டிச் சீராக்கி, நுண்ணிய பைகளில் கட்டி வைக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் பைகள் செல்லின் ஓரத்துக்கு வந்து, சுவரோடு சேர்ந்து, வெளியே கொட்டும். உங்களுக்கெல்லாம் சோறு தின்றால் தானாக நடக்கிறது, கொடுத்துவைத்தவர்கள்! என் உடம்பில் அந்த செல்கள் அழிந்துவிட்டன. ஊசியில் போடும் இன்சுலின் உறைந்தால் அந்த மடிப்பு கெட்டுவிடும். உருகினாலும் நம்பிப் போட முடியாது. ஊசி இல்லாமல் நடை மட்டுமல்ல, காலைச் சாப்பாடே கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா என் மருந்துச் சீட்டைப் போனில் படமெடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தார். இரண்டு கடைகளில் இல்லையாம். வேங்கிக்கால் பக்கம் ஒரு மருந்துக்கடையில் கிடைத்து, ஏழு மணிக்கு ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

"போட்டுக்க. இட்லி ரெடி. நானும் கூட வரேன், வழியில உனக்குத் தலை சுத்துனா யாரு பாக்கறது?"

நாலரை மணி நேரம் என் பக்கத்திலேயே நடந்தார். நான் சர்க்கரை பார்க்கும் கருவியில் ரத்தம் தொட்டு வைத்தபோதெல்லாம், "கம்மியா, ஜாஸ்தியா?" என்று எட்டிப் பார்த்தார். ராஜகோபுரத்தின் முன் கடைசியாகப் பார்த்தோம். சரியாக இருந்தது. அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

இன்சுலினோடு வருகிறவர்களுக்கு: பேனாக்களைத் தனித்தனியாக வையுங்கள், மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும், ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு என்று காட்டிக் கொடுங்கள்.

நேற்று அக்கா ஒரு படம் அனுப்பினார். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு டப்பா. மேலே பேனாவால் எழுதியிருந்தது: "நித்யா ஊசி. வேற எதுவும் வைக்காதீங்க."