இடது கையில் கட்டிய வேர்

கால் வீங்கியதுதான் முதலில் தெரிந்தது. செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையவில்லை. நின்று வேலை பார்ப்பதால்தான் என்று இருந்துவிட்டேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாகச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அட மாதாவே, எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை!

அன்றிலிருந்து கடலூரில் பஸ் ஏறி டயாலிசிஸுக்கு (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) போய்வருகிறேன். அதற்காக இடது முன்கையில் ஃபிஸ்துலா (ஊசி போட வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) வைத்தார்கள். தொட்டால் ஓடுகிற மிக்சி மாதிரி அதிரும். "இந்தக் கையில வளையல்கூடப் போடாதீங்க" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் ஞாயிறு பூசையை விடாதவர். மெழுகுவத்தி, உபவாசம், முழங்காலில் நின்று ஜெபம், எல்லாம் செய்து பார்த்தார். ஒருநாள் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து மந்திரித்த வெள்ளெருக்கு வேரோடு வந்து நின்றார்.

"பொம்பளைக்கு இடது கையிலதான் கட்டணுமாம், ஸ்டெல்லா."

"அந்தக் கையில எதுவும் கூடாதுன்னாங்களே, மாமா?"

"நூலுதான. லூசாதான் கட்டுறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. முழங்கைக்கு மேலே கட்டிக்கொண்டேன். நம்பினாயா என்று கேட்காதீர்கள். சாகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் என்னைப் போன்ற நோயாளிகளுக்கு உடம்பில் நீர் ஏறும். கை வீங்கியது, நூல் அப்படியே இருந்தது. விடிந்து பார்த்தால் சதைக்குள் புதைந்திருக்கிறது. விரலை வைத்தேன், அதிர்வு இல்லை. காதை வைத்தேன், சத்தமும் இல்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீடே ஓடிவந்தது.

டாக்டர் நூலை வெட்டினார். அடைப்பை எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. "ரத்தம் உறைஞ்சிடுச்சும்மா. வலது கையில புதுசா வைக்கணும். அது தேறுற வரைக்கும் கழுத்துல குழாய்தான்."

"அதுவும் தேறலன்னா, சார்?"

"வேற எடம் தேடணும். எடம் நெறைய இல்லம்மா."

வெளியே என் வீட்டுக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "நானே ஒன்னக் கொன்னுட்டேனே!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டணும்னா ஒங்க கையில கட்டிக்குங்க! என்னை விட்டுடுங்க!"

மனுஷன் அப்படியே செய்துவிட்டார். குப்பைக்குப் போகவிருந்த வேரைக் கேட்டு வாங்கி, புது நூலில் முடிந்து, தன் வலது கையில் கட்டிக்கொண்டார்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களே, அந்தக் கையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அழுதுகொண்டு வந்தாலும் கொடுக்காதீர்கள்.

என் வலது கை இன்னும் தேறவில்லை. கிறிஸ்துமஸ், பொங்கல் என்று எதையும் நான் யோசிப்பதில்லை. அடுத்த டயாலிசிஸ் வரைக்கும்தான் என் காலம். என் உடம்பில் எனக்கு மிச்சமிருப்பது ஊசி குத்த எத்தனை இடம் என்கிற கணக்குதான்.

சிதம்பரம் பஸ்ஸில் அவர் தூங்கிவிடுவார். நான் மெதுவாக அவர் சட்டைக் கைக்குள் விரலை விடுவேன். வேர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.